இயற்கைச் சீற்றம் என்னும் சொல்

2010ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. மாஸ்கோவில் ஜூலை 29 அன்று வெப்பம் 38.2 டிகிரி செல்சியஸைத் தொட்டது. காய்ந்த சதுப்புநிலங்களும் காடுகளும் தீப்பற்றி எரிய, நகரம் புகையில் மூழ்கியது. அதே வாரத்தில் பாகிஸ்தானின் வடமேற்கு மலைப்பகுதியில் கொட்டிய பெருமழை, சிந்து நதியில் வெள்ளமாக இறங்கியது. அக்கோடையின் வெப்பத்துக்கு ரஷ்யாவில் ஏறத்தாழ 55,000 பேர் பலியானார்கள் என்பது பிற்பாடு வந்த மதிப்பீடு. பாகிஸ்தானில் பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர். நாம் இவற்றைத் தொடர்பற்ற இரு துயரங்களாகவே வாசித்தோம். இரண்டுக்கும் நம்மிடம் இருந்த பெயர் ஒன்றுதான்: இயற்கைச் சீற்றம்.

ஆனால் அவை தொடர்பற்றவை அல்ல. ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக விரையும் ஜெட் காற்றோட்டம் ஆற்றைப்போல் வளைந்து வளைந்து செல்வது. அவ்வளைவுகள் வழக்கமாகச் சில நாட்களில் நகர்ந்துவிடும். அவ்வாண்டு மேற்கு ரஷ்யாவின்மேல் ஓர் உயர் காற்றழுத்த மண்டலம் வாரக்கணக்கில் நகராமல் நின்றது. அதன்கீழ் இறங்கிய காற்று சூடேறியது, மேகம் கூடவில்லை, உலர்ந்த மண் வெப்பத்தை மேலும் கூட்டியது. அம்மண்டலத்தைச் சுற்றிக்கொண்டு தெற்கே தாழ்ந்த மேலடுக்குக் காற்று, பருவக்காற்று சுமந்து வந்த ஈரத்தைப் பாகிஸ்தானின் வடக்கே சந்தித்தது. அங்கே வறட்சி, இங்கே வெள்ளம்.

இதில் புவி வெப்பமாதலின் பங்கு என்ன? 2011இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ராண்டால் டோல் குழுவினர், ரஷ்ய வெப்ப அலையின் கடுமைக்குப் பெரிதும் காரணம் வளிமண்டலத்தின் இயல்பான ஏற்ற இறக்கமே என்றனர். ஸ்டெஃபான் ராம்ஸ்டார்ஃபும் டிம் கூமூவும், புவி சூடாகாமல் இருந்திருந்தால் அந்த ஜூலைச் சாதனை நிகழ்ந்திராது என்பதற்கு 80 சதவீத வாய்ப்பு உண்டு என்றனர். ஐயுறவாளர்களுக்கு இந்த முரண் போதுமானதாக இருந்திருக்கும். மறு ஆண்டு ஃப்ரீடரிக்கே ஓட்டோவும் சகாக்களும் காட்டியது வேறு: இரு தரப்பும் இருவேறு கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கின்றன. எவ்வளவு கடுமை என்பது ஒரு கேள்வி. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பது இன்னொன்று. கடுமையில் இயல்பின் பங்கே மிகுதி. ஆனால் அத்தகைய வெப்பம் நேரும் வாய்ப்போ 1960களைவிட மும்மடங்காகிவிட்டிருந்தது.

நம் வாதமும் இங்கிருந்தே தொடங்குகிறது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைக் கொள்ளும் என்பது உறுதியான இயற்பியல். ஆர்க்டிக் விரைந்து சூடாவதால் ஜெட் காற்றோட்டம் தளர்ந்து, அடிக்கடி தேங்குகிறதா என்பது இன்னும் முடியாத விவாதம். உறுதியானதை ஐயமென்று சொல்வதும், ஐயமானதை உறுதியென்று முழங்குவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். சூழலியல் அக்கறையுடன் எழுதும் நம்மவர் பலர் இரண்டாவதில் விழுகிறார்கள். அடுத்த ஆய்வு வேறுவிதமாகச் சொல்லும் நாளில், அவர்கள் சொன்ன உண்மைகளும் சேர்ந்தே சந்தேகத்துக்குள்ளாகும்.

இரண்டையும்விட மோசமானது 'சீற்றம்' என்னும் சொல். சீறுவதற்குக் காரணம் கேட்க முடியாது, பணியலாம், அவ்வளவே. ஆனால் இங்கே காரணங்கள் உண்டு, அவற்றை அளக்கவும் முடியும். 2010 ஆகஸ்டில் ரஷ்யா தானிய ஏற்றுமதியைத் தடைசெய்ததும் உலகச் சந்தையில் கோதுமை விலை ஏறியது; அது மனிதர்கள் எடுத்த முடிவு. 2022இல் பாகிஸ்தானில் மீண்டும் வெள்ளம். இம்முறை பாதிக்கப்பட்டோர் மூன்று கோடியே முப்பது லட்சம். உலகின் கரிம உமிழ்வில் அந்நாட்டின் பங்கோ ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இக்கணக்கைச் 'சீற்றம்' என்னும் சொல்லால் எழுத முடியாது. மொழியைத் தொழிலாகக் கொண்ட நாமேனும் அச்சொல்லைக் கைவிடுவோம்.