7-லேயே நிற்கும் கியர் சைக்கிள்!

அச்சங்குளம் பக்கத்து கரிசல் காட்டு ரோட்டைப் பார்த்தால், 'மேடே இல்லாத ஊருக்கு எதுக்குக் கியர் சைக்கிள்?' என்று பெரியவர்கள் கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆடி மாதம் மேற்கே பார்த்து மிதித்தால் பதில் தெரிந்துவிடும். இங்கே காற்றுதான் மேடு!

ஆசையாக வாங்கிக் கொடுத்த 21 கியர் சைக்கிளை மூன்றே மாதத்தில் பையன் ஓரங்கட்டிவிட்டானா? 'முட்டி வலிக்குது' என்கிறானா? முதலில் வலது கைப்பிடியில் உள்ள எண்ணைப் பாருங்கள். அது 7-ல் நின்றால், இருப்பதிலேயே கனமான கியர். 'பெரிய நம்பர்னா ஸ்பீடு' என்பது பைக் கணக்கு. பைக்கை இன்ஜின் இழுக்கிறது. சைக்கிளை இழுப்பது முழங்கால். அரசு தரும் விலையில்லா சைக்கிளில் ஒரே கியர்தான் என்பதால், அதில் பழகியவர்களுக்கும் அழுத்தி மிதிப்பதே வழக்கமாகிவிடுகிறது. (சீட் தாழ்வாக இருந்தாலும் முட்டி வலிக்கும். அதையும் பார்த்துவிடுங்கள்.)

முன்னால் 42 பல், பின்னால் 14 பல் என்றால், பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் மூன்று சுற்று. பின்னால் 28 பல்லுக்கு மாற்றினால் ஒன்றரைச் சுற்றுதான். தூரம் பாதி, காலுக்கு வரும் பாரமும் பாதி. எதிர்க்காற்றில் இது லாபமான பேரம். பழகியவர்கள் நிமிடத்துக்கு 80, 90 சுற்று மிதிப்பார்கள். புதியவர்களுக்கு 60, 70 போதும். ஒரு காலின் சுற்றை 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும்.

எப்போது மாற்றுகிறோம் என்பதும் முக்கியம். பாலத்தில் பாதி ஏறி மூச்சு முட்டிய பிறகு, பெடலை அழுத்திக்கொண்டே லிவரைத் தட்டினால் 'கடகட'தான், செயினே கழன்றுவிடலாம். ஏற்றத்துக்கு முன்பே, காலை லேசாகச் சுற்றியபடி மாற்றுங்கள். ரயில்வே கேட்டில் நிற்கும் முன்பே லேசான கியருக்கு வந்துவிட்டால், கிளம்பும்போது எழுந்து நின்று மிதிக்க வேண்டியதில்லை.

கியரை இளக்காரமாகப் பார்ப்பது நம்மூரில் மட்டுமல்ல. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஹென்றி தெக்ரான்ஜ், கியரெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்கு என்று 1902-ல் எழுதியவர். அவர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, 1937-ல்தான் அந்தப் பந்தயத்தில் இப்போதைய மாதிரி கியருக்கு அனுமதி கிடைத்தது. அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள், பாவம்!

முதல் வாரம் இடது கை லிவரை 2-லேயே விட்டுவிட்டு, வலது கையை மட்டும் மாற்றிப் பழகுங்கள். காற்று அடித்தால் ஒரு எண் கீழே, காற்று நின்றால் ஒரு எண் மேலே.