கரண்ட் நமக்கு, சுடுதண்ணீர் யாருக்கு?



2012ஆம் ஆண்டை நம்மூர் வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாகக் கரண்ட் இல்லாத காலம் அது. சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் அடங்கிக் கிடந்தது. விசைத்தறி வைத்திருந்தவரும் நொந்தார், கூலிக்கு ஓட்டியவரும் நொந்தார். கரண்ட் எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கரண்ட் எடுக்கும் இடத்தில் யாருடைய வயிற்றில் அடி விழுகிறது என்று எந்தக் கட்சி மேடையிலாவது அன்று யாராவது கேட்டார்களா?

அனல்மின் நிலையம் எப்படி ஓடுகிறது என்பதை நம் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நிலக்கரியை எரித்துத் தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். சுழற்றி முடித்த ஆவியை மறுபடி தண்ணீராக்கக் குளிர்ந்த நீர் வேண்டும். நிலக்கரி தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கரண்ட் ஆகிறது. மீதியில் கொஞ்சம் புகைபோக்கி வழியே போக, பெரும்பகுதி இந்தக் குளிர்விக்கும் நீரில் ஏறிவிடுகிறது. ஆற்றிலோ கடலிலோ எடுத்த நீரைச் சூடாகத் திரும்பக் கொட்டுவதுதான் செலவு குறைந்த வழி. நமக்குப் பக்கத்தில் தூத்துக்குடி அனல்மின் நிலையம் இருக்கிறது. 1979 முதல் 1992 வரை 210 மெகாவாட் வீதம் ஐந்து இயந்திரங்களோடு கட்டப்பட்ட நிலையம். கடல்நீரை எடுத்துச் சூடாகக் கடலுக்கே திருப்பி விடும்படிதான் அதை அமைத்தார்கள்.

கடல் பெரியது, தாங்கிக்கொள்ளும் என்பார்கள். ஆற்று முகத்துவாரம் தாங்குமா? சென்னைக்கு வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூரைப் பாருங்கள். அத்திப்பட்டுப் பக்கம் வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம், 630 மெகாவாட், 1994 முதல் 1996க்குள் ஓடத் தொடங்கியது. அதன் சுடுதண்ணீர் கழிமுகத்தில் வந்து விழுவதால் இறாலும் மீனும் ஒதுங்கிப்போகின்றன என்று காட்டுக்குப்பம் பகுதி மீனவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். அங்கே மீன் குறைந்ததற்குச் சுடுதண்ணீர் ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. நிலக்கரிச் சாம்பல் உண்டு, துறைமுகம் உண்டு, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவும் உண்டு. ஆனால் சாம்பலும் எண்ணெயும் கண்ணுக்குத் தெரியும், பத்திரிகையில் போட்டோ வரும். சாம்பல் விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. சூட்டைப் போட்டோ பிடிக்க முடியாது.

அந்தச் சூடு முதலில் தொடுவது மீனை அல்ல, பாசியை. பாசி என்றதும் வழுக்கிவிடும் அசிங்கம் என்று நினைக்கிறோம். கோடையில் பள்ளிவாசல் ஹவுளில் பச்சை படர்ந்தால் தேய்த்துக் கழுவிவிடுகிறோம். ஆனால் ஆற்றிலும் கடலிலும் கண்ணுக்கே தெரியாத நுண்பாசிதான் ஆடுமாடுகளுக்குப் புல் போல. அதைச் சிற்றுயிர்கள் தின்கின்றன, அவற்றை மீன்குஞ்சும் இறால்குஞ்சும் தின்கின்றன. இந்தப் பாசியில் பல ஜாதி. பொதுவாக 30 டிகிரிக்குக் கீழே டயட்டம் என்னும் நல்ல மேய்ச்சல் பாசி செழிக்கும். 30ஐத் தாண்டினால் பச்சைப் பாசி மேலோங்கும். 35ஐத் தாண்டினால் நீலப்பச்சைப் பாசி கைப்பற்றிவிடும். இதில் பல வகை குஞ்சுகளுக்குச் சத்தான இரை ஆகாது, சில வகை விஷமும் கக்கும். ஆகவே சுடுதண்ணீர் விழும் இடம் பச்சையாக இருக்கிறதே என்று யாரும் ஏமாற வேண்டாம். கருவேலம் மண்டிய நிலமும் தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைதான்!

இன்னொன்று. 20 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்து நிற்க முடியும். 35 டிகிரியில் 7தான். சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும், நீரில் இருப்பதோ குறைவு. நம்முடைய நீர் ஏற்கெனவே வெப்ப நாட்டு நீர். கோடையில் 30 டிகிரியில் இருக்கும் நீரில் இன்னும் சில டிகிரி ஏறினால் பாசிக்கும் மீனுக்கும் அது எல்லைக்கோடு. அமெரிக்காவின் புளோரிடாவில் டர்க்கி பாயிண்ட் மின்நிலையம் சுடுதண்ணீரை விரிகுடாவில் விட்டபோது, அதைச் சுற்றிக் கடற்புல் செத்து வெறுந்தரை ஆனது. 1970இல் அரசே வழக்குப் போட்டது. பிறகு நீரை ஆறவைக்க நீண்ட வாய்க்கால்கள் வெட்டினார்கள். 2014 கோடையில் அந்த வாய்க்கால்களிலேயே நீலப்பச்சைப் பாசி மண்டி, நீர் ஆறாமல் போய், அனுமதித்த சூட்டின் அளவை 40 டிகிரிக்கு உயர்த்த வேண்டி வந்தது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1999 ஜூனுக்குப் பிறகு வந்த நிலையங்கள் கடல்நீரைப் பயன்படுத்தினால், நீர் சேரும் இடத்தில் சூடு 7 டிகிரிக்கு மேல் கூடக் கூடாது. அதற்கு முந்தியவற்றுக்கு, நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் 10 டிகிரி வித்தியாசம் வரை சலுகை. தூத்துக்குடி நிலையமும் வட சென்னை முதல் கட்டமும் இந்தச் சலுகைக்குள் வருபவை. 30 டிகிரியில் உள்ளே போன நீர் 40 டிகிரியில் வெளியே வந்தாலும் சட்டப்படி குற்றமில்லை!

மதரஸாவில் ஓதும் பிள்ளை ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: "ஹஜ்ரத், நிறம், மணம், சுவை மாறினால்தானே தண்ணீர் கெட்டது? சூடானால் ஒளுவுக்கு ஆகுமே." ஆகும். அது தஹாரத் பாடம். நான் கேட்பது ஹக் பற்றிய பாடம். தண்ணீர், மேய்ச்சல் புல், நெருப்பு மூன்றும் பொதுச் சொத்து, யாரும் தனக்கென்று வளைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஹதீஸிலிருந்து வந்த சட்டம். அந்த மூன்றும் எண்ணூரில் ஒரே இடத்தில் இருக்கின்றன. நெருப்பு கம்பி வழியே ஊரெங்கும் போகிறது. தண்ணீரும் புல்லும் மட்டும் மீனவனிடமிருந்து பறிபோகின்றன. அவன் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவனா என்று பார்த்துப் பேசுவது நம் மார்க்கம் அல்ல.

"பாய், குளிர்கோபுரம் கட்டச் சொன்னால் கரண்ட் பில் ஏறுமே" என்று தறி வைத்திருக்கும் சகோதரர்கள் கேட்கிறார்கள். ஏறத்தான் செய்யும். ஆனால் இன்றைக்கும் அந்தச் செலவு இல்லாமல் இல்லை, மீனவர் வலையிலிருந்து வசூலாகிறது. நமக்கு விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசமாக இருந்ததை 2023இல் 1000 ஆக்கினார்கள். சந்தோஷம். தறிக்குச் சலுகை கேட்டு வாங்கத் தெரிந்த நாம், அதே கோட்டையில் இதையும் கேட்கலாம்.

வரும் செயற்குழுவில் இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். கடலோர அனல்மின் நிலையங்கள் உள்ளே எடுக்கும் நீரின் சூட்டையும் வெளியே விடும் நீரின் சூட்டையும் தினமும் பக்கத்து மீனவர் கிராமங்களில் பலகையில் எழுதிப்போட வேண்டும். பழைய நிலையங்களுக்குத் தந்த 10 டிகிரிச் சலுகையை ரத்து செய்ய வேண்டும். அதற்கு முன் நம் இளைஞர்கள் நாலு பேர் தூத்துக்குடிக்குப் போய், சுடுதண்ணீர் விழும் பக்கம் வலை போடுகிறவர்களிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும். பஸ் செலவை நம் வியாபாரிகள் சங்கம் ஏற்குமா என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.