கொழுந்துக்கூடை மருந்தாகுமோ?

"நாள்தோறும் மலையேறி இறங்குகின்றவர்களுக்குத் தேகப்பயிற்சி எதற்கு?" என்று கேட்கின்றனர் சில கனவான்கள். பூனாகலைச் சரிவுகளை மோட்டார் வண்டிக் கண்ணாடியினூடே கண்டவர்கள் கேட்கும் கேள்வி இது. கொரோனா வந்து போன பின்பும் மாதக்கணக்கில் மூச்சு வாங்குகிறது, கால் துவள்கிறது, நினைவு தடுமாறுகிறது என்று லயத்திலே ஒரு தாய் முறையிட்டால், அதற்குச் சோம்பல் என்று பெயர் சூட்டுவோரும் இவர்களே!

சோம்பலன்று ஐயா, நோய்! தொற்றிய மூன்று மாதத்தின் பின்னும் காணப்பட்டு, குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கும் இத்துன்பத்துக்கு 2021 ஒக்டோபரிலேயே உலக சுகாதார நிறுவனம் இலக்கணம் வகுத்துவிட்டது.

படுக்கையிலே கரைந்த தசையைப் பயிற்சியால் மீட்கலாம். கிளாஸ்கோவில் நடந்து 2025 இல் வெளியான ஆய்வில், மூன்று மாதம் தத்தம் வலுவுக்கேற்பத் தசைப்பயிற்சி செய்தோர் மற்றையோரிலும் கூடுதல் தூரம் நடந்தனர். மலையளவு வேறுபாடென்று கூறமாட்டேன், ஆயினும் நடந்தனர். அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது, சுவரைக் கையால் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய ஒரு லீற்றர்ப் போத்தலைத் தூக்குவது. மூச்சு முட்டுமுன் நிறுத்திவிட வேண்டும். அடுத்த இரண்டு மூன்று நாட்களும் உடல் என்ன சொல்கிறதென்று கேட்ட பின்பே எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

சிலருக்கு அதுவும் ஆகாது. சிறிது உழைத்தாலும் மறுநாளோ மூன்றாம் நாளோ படுத்துவிடுவார்கள். ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இத்தகையோரின் தசையையே எடுத்துச் சோதித்து, உழைப்பின் பின் அது மேலும் கெடுவதை 2024 இல் காட்டினர். இவர்களை நோக்கி "இன்னுங் கொஞ்சம் முயன்று பார்" என்பது கொடுமை. யாருக்குப் பயிற்சி, யாருக்கு ஓய்வு என்று பிரித்தறியத் தெரிந்தவர் அருகில் வேண்டும்.

கொழுந்துக்கூடையின் பாரத்தைத் தீர்மானிப்பது எது? உடலா? தராசன்றோ! நிறை குறைந்தால் அரைப்பேர். மூச்சிரைத்தவள் எந்த இடத்திலே நிற்பாள்? 2021 இல் 1000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்ததும் பல தோட்டங்களிலே கொழுந்தின் கிலோவும் ஏறியதை மறந்துவிட்டோமா? பயிற்சியிலே உடல் தேறினால் பாரம் ஏறும். இங்கே சம்பளம் ஏறினால் பாரம் ஏறுகிறது! வெலிமடை விவசாயப் பெருமக்களே, நோயிலிருந்து எழுந்த எருதை மறுநாளே ஏரில் பூட்டுவீர்களா?

மண் சரிந்தால் நாடு பூனாகலையைத் திரும்பிப் பார்க்கிறது. 2023 மார்ச்சில் கபரகலையைப் பார்த்தது. லயத்து அறைக்குள்ளே மூச்சுச் சரிந்தவர்களை யார் பார்ப்பது?

மாதத்தில் குறித்த ஒரு நாளிலே இயன்மருத்துவர் ஒருவர் தோட்டத்து மருந்தகத்துக்கே வரட்டும். வைத்தியரின் கடிதம் பெற்றவருக்கு இலகு வேலை கொடுத்து, அதை முழுப்பேராக எழுதட்டும். தியத்தலாவைக்கோ பதுளைக்கோ பஸ் ஏறிப் போய்த் திரும்பினால் அன்றைய பேர் போய்விடுகிறது. அதனால்தான் பலர் போவதில்லை.