எதிர் அணியின் கீதத்துக்கும் எழுந்து நிற்போம்!

செக் குடியரசு நாட்டில் ஆஸ்திரவா என்று ஒரு நகரம் இருக்கிறது. நிலக்கரிக்கும் இரும்புக்கும் பெயர் பெற்ற ஊர். 2019-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 28-ந்தேதி அந்த ஊரில் ஓர் ஐஸ் ஆக்கிப் பந்தயம் நடந்தது. கனடா நாட்டு வாலிபர்களும் ரஷிய நாட்டு வாலிபர்களும் மோதினார்கள்.

பந்தயத்தில் ரஷியா வெற்றி பெற்றது. ஆனால் வெற்றியைப் பற்றி எவ்வளவு பேசினார்களோ, அவ்வளவு இன்னொன்றைப் பற்றியும் பேசினார்கள். அடிதடி எதுவும் நடக்கவில்லை. யாரும் யாரையும் திட்டவும் இல்லை. பந்தயம் முடிந்த பிறகு ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. அவ்வளவுதான்!

இதற்கா இத்தனை பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கதையை முழுவதும் தெரிந்துகொண்டு பதில் சொல்லுவோம்.

பனிக்கட்டி மைதானம்

நம் ஊரில் ஆக்கி என்றால் கையில் மட்டை, தரையில் பந்து. கனடாவில் ஆக்கி என்றால் வேறு. அங்கே உறைந்த பனிக்கட்டிதான் மைதானம். காலில் கத்தி போன்ற இரும்பு பொருத்திய காலணி. பந்துக்குப் பதிலாகக் கெட்டியான ரப்பர் வட்டு. கோல் காப்பாளரையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 6 பேர் ஆடுவார்கள். சறுக்கிக்கொண்டு மின்னல் வேகத்தில் பாய்வார்கள். ஒருவர் மேல் ஒருவர் மோதுவதும் உண்டு. அதனால் எல்லோரும் தலைக்கவசம் அணிந்திருப்பார்கள்.

20 வயதுக்கு உட்பட்ட வாலிபர்களுக்காக இந்த ஆட்டத்தில் ஆண்டுதோறும் உலகப் போட்டி நடக்கிறது. கிறிஸ்துமஸ் பண்டிகையை ஒட்டி நடக்கும் போட்டி இது. கனடா நாட்டில் குடும்பம் குடும்பமாக டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். நம் வீடுகளில் கிரிக்கெட் பார்ப்பது போல!

அந்தப் போட்டியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் எதிர் எதிரே வரிசையாக நிற்கும். வென்ற நாட்டின் கொடி உயரும். வென்ற நாட்டின் தேசிய கீதம் ஒலிக்கும். தோற்றவர்களும் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, அசையாமல் நின்று கேட்க வேண்டும். பிறகு இரு தரப்பாரும் கைகுலுக்கிக்கொண்டு பிரிவார்கள்.

இதில் எது கஷ்டம்? தோற்றவர்கள் நிற்பதுதான் கஷ்டம். உடம்பு முழுவதும் வியர்வை. மனம் முழுவதும் வேதனை. அந்த நேரத்தில் எதிரே நிற்பவனுடைய பாட்டை மரியாதையோடு கேட்க வேண்டும்!

காப்டன் செய்த தவறு

ஆஸ்திரவாவில் அன்று கனடா தோற்றது சாதாரணத் தோல்வி அல்ல. ரஷியா 6 கோல் போட்டது. கனடா ஒரு கோல் கூடப் போடவில்லை. இந்த உலகப் போட்டியில் கனடா அதுவரை அவ்வளவு மோசமாகத் தோற்றதே இல்லை. போதாததற்கு, கனடா அணியின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான அலெக்சி லாப்ரெனியேர் அடிபட்டு வெளியேறியிருந்தார்.

கனடா அணியின் காப்டன் பாரெட் ஹேட்டன். அவருக்கு வயது 19. ரஷிய கீதம் ஒலித்தது. அவருடைய தோழர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு நின்றார்கள். காப்டன் மட்டும் கழற்றவில்லை. கீதம் முடியும்வரை அப்படியே நின்றார்.

ரஷிய வாலிபர்களுக்குக் கோபம் வந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கோபம் வந்தது. கனடா நாட்டிலேயே பலர் முகம் சுளித்தார்கள். "தோல்வியைத் தாங்க முடியாமல் எதிரியை அவமதித்துவிட்டார்" என்று பேச்சு எழுந்தது.

"தவறு என்னுடையது"

ஹேட்டன் என்ன செய்தார்? ஒளிந்துகொள்ளவில்லை. அன்றே மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டார். நன்றாக ஆடிய ரஷியாவுக்கு முதலில் பாராட்டுச் சொன்னார். இவ்வளவு பெரிய தோல்விக்குப் பிறகு அணியை எப்படித் தூக்கி நிறுத்துவது என்ற யோசனையில் ஆழ்ந்துவிட்டதாகச் சொன்னார். அவமதிக்கும் எண்ணம் இல்லை என்றார். ஆனாலும் செய்தது தவறுதான் என்று ஒப்புக்கொண்டார். ரஷிய அணியிடமும் ரசிகர்களிடமும் மன்னிப்புக் கேட்டார். தம்முடைய பிழைக்காகத் தோழர்களைக் குறை கூற வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

மறதியா, கோபமா? அவர் மனத்துக்குள் புகுந்து பார்க்க நம்மால் முடியாது. எதிரே நின்ற ரஷிய வாலிபர்களாலும் முடியாது. அவர்களுக்குத் தெரிந்தது தலைக்கவசம் மட்டும்தான். மரியாதை மனத்தில் இருந்தால் மட்டும் போதாது. எதிரே நிற்பவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். நம் வீட்டுக்கு வந்தவரை மனத்துக்குள்ளேயே "வாருங்கள்" என்று சொன்னால் அவருக்குக் கேட்குமா?

ஆகவே இது சின்ன விஷயம் அல்ல. ஆனால் ஒரு வாலிபரின் வாழ்வைக் கெடுக்கும் அளவுக்குப் பெரிய விஷயமும் அல்ல. செய்தது தவறு. கேட்டது மன்னிப்பு. அத்துடன் கணக்கு முடிந்தது.

எட்டாம் நாள்

அதே அணிகள் மறுபடியும் சந்தித்தன. 2020-ம் ஆண்டு ஜனவரி 5-ந்தேதி, அதே ஆஸ்திரவாவில், இறுதிப் பந்தயத்தில்! கடைசிப் பகுதி ஆட்டத்தில் ரஷியா 3 கோல், கனடா 1 கோல் என்று இருந்தது. கனடா ஒரு கோல் போட்டது. பிறகு ஆட்டத்தைச் சமமாக்கிய 3-வது கோலை அடித்தவர் யார் தெரியுமா? ஹேட்டன்தான்! அதற்கு முந்தைய பந்தயத்தில் தோளில் அடிபட்டவர் அவர். பிறகு அக்கில் தாமஸ் அடித்த கோலால் கனடா 4-3 என்று வென்றது.

மன்னிப்புக் கேட்டதால் கோல் விழுந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆட்டத்துக்கும் மன்னிப்புக்கும் முடிச்சுப் போட முடியாது. ஆனால் ஒன்று சொல்லலாம். தவறை மூடி மறைத்தவன் அந்த நினைப்போடுதான் அடுத்த ஆட்டத்தில் இறங்குவான். ஒப்புக்கொண்டவன் ஆட்டத்தை மட்டும் நினைக்கலாம்.

விளக்கை அணைத்த கதை

மரியாதை போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இதே உலகப் போட்டியில் சாட்சி இருக்கிறது.

1987-ம் ஆண்டு ஜனவரி 4-ந்தேதி. செக்கோஸ்லவாக்கியா என்று அப்போது இருந்த நாட்டில், பியெஷ்டியானி என்ற ஊர். கனடா வாலிபர்களும் சோவியத் வாலிபர்களும் ஆடினார்கள். கனடா 4-2 என்று முன்னணியில் இருந்தது. பதக்கம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

திடீரென்று கைகலப்பு மூண்டது. வெளியே உட்கார்ந்திருந்த ஆட்டக்காரர்களும் உள்ளே குதித்தார்கள். நடுவர்களால் அடக்க முடியவில்லை. கடைசியில் அரங்கின் விளக்குகளை அணைத்தார்கள். இருட்டிலும் சண்டை ஓயவில்லை!

முடிவு என்ன? ஆட்டம் ரத்து. இரண்டு அணிகளும் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டன. கனடாவுக்குப் பதக்கம் போயிற்று. தங்கப் பதக்கம் பின்லாந்துக்குக் கிடைத்தது. பல நாள் உழைத்த வாலிபர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள்.

பாட்டு யாருடையது?

"அந்த நாட்டு அரசாங்கம் நமக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பாட்டுக்கு நாம் ஏன் நிற்க வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள்.

2025-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இறக்குமதி வரி பற்றித் தகராறு மூண்டது. கனடா நாட்டு ஐஸ் ஆக்கி அரங்குகளில் அமெரிக்க கீதம் ஒலித்தபோது ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். அவர்கள் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் வரி போட்டவர்கள் அங்கே இல்லை. அங்கே நின்றவர்கள் ஆட்டக்காரர்கள்!

நாட்டுக்கு நாடு சண்டை வரும். அநியாயத்தைக் கண்டிக்க வேண்டியதும் கடமைதான். அதற்கு இடம் இருக்கிறது. 2022-ம் ஆண்டு ரஷியப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தபோது, சர்வதேச ஐஸ் ஆக்கி சம்மேளனம் கூடிப் பேசியது. ரஷிய அணிகளையும் பெலாரஸ் அணிகளையும் போட்டிகளிலிருந்து விலக்கிவைத்தது. அது சரியா தவறா என்று வாதாடலாம். ஆனால் யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்பதைப் பெரியவர்கள் கூடி முடிவு செய்ய வேண்டும். அந்தச் சுமையை 18 வயதுப் பையன் தலையில் வைக்கக்கூடாது. "ஆடலாம்" என்று முடிவாகி, எதிர் அணி வந்து நின்றுவிட்டால், அப்புறம் அவர்கள் நம்முடன் ஆட வந்தவர்கள். அவர்கள் பாட்டுக்கு நிற்பது அவர்களுடைய அரசாங்கத்துக்கு வணக்கம் சொல்வது ஆகாது. "உன் தாய் நாடு உனக்குப் பெரிது. எனக்குத் தெரியும்" என்று அந்தப் பையனுக்குச் சொல்வதுதான் அது.

சிறுவர்கள் காட்டிய வழி

2025-ம் ஆண்டு இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் எவ்வளவு பகை என்பது ஊரறிந்த விஷயம். செப்டம்பர் மாதம் ஆசியக் கோப்பை கிரிக்கெட்டில் இரு நாட்டு ஆட்டக்காரர்களும் கைகுலுக்கவில்லை. அடுத்த மாதம் மலேசியாவில், ஜோகூர் சுல்தான் கோப்பைக்கான ஆக்கிப் போட்டி நடந்தது. அதில் இந்திய வாலிபர்களும் பாகிஸ்தான் வாலிபர்களும் சந்தித்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் கையோடு கை தட்டிக்கொண்டார்கள். பிறகு மும்முரமாக ஆடினார்கள். 3-3 என்று ஆட்டம் சமமாக முடிந்தது. கை தட்டியதால் யாருடைய தேசபக்தியும் குறைந்துவிடவில்லை!

அதே ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஜூனியர் உலகக் கோப்பை ஆக்கிப் போட்டி நம் சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாட்டு அணிகள் வந்தன. ஜெர்மனி கோப்பையை வென்றது. இந்தியாவுக்கு வெண்கலப் பதக்கம். வந்தவர்கள் எல்லோரும் நம் பிள்ளைகள் வயதுப் பிள்ளைகள். அவரவர் நாட்டுக் கொடி அவரவருக்குப் பெரிது.

பெற்றோர்களுக்கு

பிள்ளைகள் மரியாதையைப் புத்தகத்தில் கற்பதைவிட வீட்டில் கற்பதுதான் அதிகம். டெலிவிஷனில் எதிர் அணியின் கீதம் ஒலிக்கும்போது அப்பா கேலி செய்தால், பையனும் கேலி செய்வான். அண்ணன் எழுந்து நின்றால் தம்பியும் நிற்பான்.

தேசிய கீதம் அதிக நேரம் ஒலிப்பதில்லை. அந்தச் சிறிது நேரம் பேச்சை நிறுத்துங்கள். "அது அவர்கள் பாட்டு. நம் பாட்டு நமக்கு எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி" என்று குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். தோற்றுவிட்டு அழுதுகொண்டு வரும் பையனிடம், "எதிராளிக்குக் கை கொடுத்தாயா?" என்று கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால், மறுநாள் போய்க் கொடுக்கச் சொல்லுங்கள்.

19 வயதில் ஒரு காப்டன் தவறு செய்தார். அன்றே தவறை ஒப்புக்கொண்டார். அந்தத் தவறை நம் பிள்ளைகள் செய்ய வேண்டாம். செய்துவிட்டால், அவரைப் போல் உடனே மன்னிப்புக் கேட்கட்டும்.