கூலியோடு கணக்குத் தீரவில்லை!



பெங்களூர் அரண்மனைச் சாலையில் 2015-இல் ஷாங்ரி-லா என்னும் வானளாவிய ஓட்டல் திறக்கப்பட்டது. அறைகள் மட்டும் 397. கர்நாடகத் தலைநகரில் இதைப் போன்ற ஓட்டல்கள் ஒன்றா, இரண்டா? ஒவ்வொன்றையும் எழுப்பியவை யாருடைய கைகள்? தருமபுரியிலும் திருவண்ணாமலையிலும் ராய்ச்சூரிலும் பீகாரிலும் இருந்து ரயிலேறி வந்த கைகள்! சாரம் கட்டினோம், சாந்துச்சட்டி சுமந்தோம், கம்பி வளைத்தோம். ஓட்டலில் விளக்கு எரியும் நாளில் தகரக் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு அடுத்த வேலைக்கு லாரி ஏறுகிறோம்.

"கூலிதான் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன பாக்கி?" என்று கேட்கிறார்கள் கட்டட முதலாளிகள்.

பாக்கி இருக்கிறது! 1996-இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டப்படி, கட்டுமானச் செலவில் குறைந்தது 100-க்கு 1 ரூபாயைத் தொழிலாளர் நலநிதிக்குக் கட்ட வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் புதிய தொகுப்புச் சட்டங்களுக்குள் போய்விட்டது. ஆனால் அந்த 1 ரூபாய் போகவில்லை. நிலத்தின் விலை நீங்கலாக 100 கோடியில் ஓர் ஓட்டல் எழுந்தால், 1 கோடி நம்முடையது. அது தர்மம் அல்ல, பிச்சை அல்ல. விபத்துக்கும் பிரசவத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் முதுமைக்கும் உரிய நமது பணம்!

அந்தப் பணம் எங்கே? நாடு முழுவதும் 37,400 கோடிக்கு மேல் வசூலாகியும் சுமார் 9,500 கோடிதான் செலவானது என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டே கண்டித்தது. பசித்தவன் பந்தியில் காத்திருக்க, சோறு அடுப்படியிலேயே ஊசிப்போகிறது!

1983 செப்டம்பர் 12 அன்று இதே நகரில், கட்டிக்கொண்டிருந்த கங்காராம் கட்டடம் சரிந்து 120-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்று வாரியம் இல்லை. 2024 அக்டோபர் 22 அன்று பாபுசாபாளையத்தில் கட்டடம் சரிந்து தொழிலாளர்கள் மாண்டபோது வாரியம் இருந்தது. ஆனால், பதிவு அட்டை இல்லாதவன் குடும்பம் அந்த வாரியத்தின் வாசலில் எதைக் காட்டி நிற்கும்?

நம் விலை நமக்குத்தான் தெரியவில்லை. முதலாளிகளுக்கு நன்றாகத் தெரியும். 2020 மே 5 அன்று கட்டட முதலாளிகள் முதலமைச்சர் எடியூரப்பாவைச் சந்தித்தார்கள். உடனே, ஊரடங்கில் வெளிமாநிலத் தொழிலாளரை ஊருக்குக் கொண்டுசெல்லும் ரயில்கள் வேண்டாம் என்று அரசு ரயில்வேக்கு எழுதியது. நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகே அரசு பணிந்தது. நாம் போய்விட்டால் ஒரு செங்கல்கூட ஏறாது என்பதால் அல்லவா ரயிலை மறித்தார்கள்? ரயிலை மறிக்கத் தெரிந்தவர்களுக்கு அட்டை வாங்கித் தரத் தெரியாதா?

ஆகவே கேட்கிறோம்: வாரியத்தின் அதிகாரிகள் கொட்டகைகளுக்கே வந்து பதிவு செய்யட்டும்! மேஸ்திரிகள் வேலை நாளுக்குச் சான்று தரட்டும்!

நம் கடமையும் உண்டு. 18 முதல் 60 வயதுக்குள், கடந்த 12 மாதங்களில் 90 நாள் கட்டட வேலை செய்த ஆணும் பெண்ணும் பதிவுக்கு உரியவர்கள். சித்தாள் வேலைதானே என்று பெண்கள் பேரை விட்டுவிடாதீர்கள். வேலை நாளைத் தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்துக் கொட்டகைக் கன்னடத் தோழரையும் பீகார் தோழரையும் அழைத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள்.

ஓட்டல் கல்வெட்டில் நம் பெயர் வேண்டாம். வாரியத்தின் பதிவேட்டில் வேண்டும்!