செத்துப்போன உயர்ந்த சொல்

"தேவ பாஷை" என்றும் "நீச பாஷை" என்றும் பிரித்து வைத்துப் பிழைக்கும் கூட்டத்தார் நம் நாட்டில் மாத்திரந்தான் உண்டென்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. ஐரோப்பாவில் லத்தீன் பாஷைக்கும் அந்தப் பெருமை வெகுகாலம் கொடுக்கப்பட்டிருந்தது. அந்தப் பாஷையில் "பேசுதல்" என்பதற்கிருந்த சொல்லின் கதியை இங்கு எடுத்துக்காட்டுகிறோம்.

சிசரோ முதலிய பண்டிதர்கள் அதற்கு வழங்கியது "லோக்வீ" என்னும் சொல். இன்று லத்தீன் வழிவந்த ஸ்பானிய, போர்ச்சுக்கீசிய, பிரஞ்சு, இத்தாலிய பாஷைகளில் அதை யார் வாயிலும் காணோம். பிற்காலத்தார் ஏட்டிலிருந்து எடுத்துச் செருகிய சில கடினச் சொற்களில் அதன் எலும்பு கிடக்கிறது, அவ்வளவுதான்.

பின் பிழைத்தது எது? "ஃபாபுலாரி" என்று ஒரு சொல். கதை பேசுவது, வம்பளப்பது என்பது அதன் அர்த்தம். ப்ளாட்டஸ் என்பவரின் வேடிக்கை நாடகங்களில் வரும் வீட்டுப் பேச்சு அது. அதுதான் போர்ச்சுக்கலில் "ஃபலார்" ஆயிற்று. ஸ்பெயினில் முதலெழுத்தின் ஓசையும் உதிர்ந்து "அப்லார்" ஆயிற்று. இன்று சுமார் இருபது நாடுகளில் சட்டம் செய்கிறவனும் மாடு மேய்க்கிறவனும் அந்த வம்புச் சொல்லைக் கொண்டேதான் "பேசுகிறேன்" என்கிறார்கள்!

பிரஞ்சுக்காரரின் "பார்லே", இத்தாலியரின் "பார்லாரே" இரண்டும் "பரபோலாரே" என்பதிலிருந்து வந்தவை. இதற்கு மூலம் உவமைக் கதை என்று பொருள்படும் கிரேக்கச் சொல். அது பாதிரிமார் பிரசங்கத்தின் வழியாகப் பரவியது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஜனங்கள் அதிலிருந்த வேதத்தை உதறிவிட்டுப் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டார்கள். "பார்லிமெண்டு" என்று நாம் சொல்லுவதும் அந்தப் "பார்லே"யின் பிள்ளைதான்.

நிற்க, இதையெல்லாம் குருமார்கள் அறியாதிருந்தார்களா என்றால், இல்லை. 813-ல் தூர் நகரில் கூடிய பிஷப்புகளின் சபையே, பிரசங்கங்களை ஜனங்களுக்கு விளங்கும்படி நாட்டுப்புற ரோமானியப் பேச்சிலோ ஜெர்மானியப் பேச்சிலோ மாற்றிச் சொல்ல வேண்டுமென்று தீர்மானித்தது. ஜனங்களுக்கு லத்தீன் புரியவில்லை என்பதற்கு இதைவிட வேறு ருஜு என்ன வேண்டும்? ஆனாலும் பூசையை மட்டும் விடவில்லை. அதில் தாய்ப்பாஷைக்குத் தாராளமாய் இடங்கொடுக்க ரோமாபுரியின் வாத்திக்கன் சபை இணங்கியது 1963-ல்! இடையில் 1150 ஆண்டுகள். அவ்வளவு காலமும் பிரஞ்சுக் குடியானவனும் ஸ்பானியக் குடியானவனும் தங்கள் பேரால் ஓதப்பட்டதைப் புரியாமலே கேட்டு மண்டியிட்டு, காணிக்கையை மட்டும் தவறாமல் கொடுத்து வந்தார்கள்.