பிழைபட்ட ஆட்டத்தாற் பெறும் பயன்

சதுரங்கம் பயில்வார் கூடுமிடத்து ஒரு வழக்கு அடிக்கடி எழுவதுண்டு. பிழையுடையதென்று அறிஞர் தள்ளிய தொடக்க முறையொன்றை மாணாக்கர் ஆடுதலும் ஆராய்தலும் தகுமா என்பதே அது. வீண்காலம் போக்குதல் என்பர் ஒரு சாரார். வெற்றி தருமாயின் குற்றம் யாது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கையும் நமக்கு உடன்பாடல்ல.

லாட்வியக் காம்பிட்டை உதாரணமாகக் கொள்வோம். இரு திறத்தாரும் அரசன்முன் நிற்கும் காலாளை இரண்டு கட்டம் நகர்த்துகின்றனர். வெள்ளைக் குதிரை புறப்பட்டுக் கறுப்புக் காலாளைத் தாக்குகின்றது. அதனைக் காவாது, கறுப்பு தன் அரசன் பக்கத்து மந்திரியின் காலாளையும் இரண்டு கட்டம் தள்ளிப் போருக்கு அழைக்கின்றது. 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விளங்கிய இத்தாலியராகிய கிரேக்கோவின் பெயரால் இம்முறை நெடுங்காலம் வழங்கிற்று. பின்னர், லாட்விய நாட்டுக் கார்லிஸ் பெட்டின்ஷ் (1867–1943) முதலியோர் பெருமுயற்சியுடன் ஆராய்ந்தமையால் அந்நாட்டின் பெயரைப் பெற்றது.

இதன் குற்றம் வெளிப்படை. அக்காலாள் நீங்கவே, கறுப்பரசனை நோக்கிய மூலைவழி திறந்துவிடுகின்றது. வெள்ளை தன் மந்திரியை வெளிக்கொணரும் வழியொன்றில், கறுப்பு இராணி எட்டாம் நகர்த்தலிலேயே எதிரியின் யானையை வெட்டி வீழ்த்தும். ஆயின் அதற்குள் கறுப்பரசன் இருக்கையினின்றும் துரத்தப்பட்டுக் கோட்டை கட்டும் உரிமையை இழந்து நிற்பான். இவ்வாரவாரம் வேண்டாவெனின், வெள்ளை குதிரையால் காலாளை வெட்டி நிதானமாக ஆடினும் மேன்மை அதற்கே. இக்காலத்துக் கணிப்பொறி இத்தீர்ப்பை நொடியில் உரைத்துவிடும்.

ஆயினும், 1955-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு லிங்கன் நகரில் நடந்த இளைஞர் போட்டியில், பிற்காலத்தில் உலக வீரரான பாபி பிஷர், தமது 12-ஆம் வயதில், விக்டர் பூபொல்ஸ் என்பாரிடம் இவ்வாட்டத்திலே தோல்வியுற்றார். இதனால் காம்பிட்டு மெய்யாகிவிட்டதோ? அன்று. வெற்றி வேறு, மெய்ம்மை வேறு.

இவ்வேறுபாட்டை உணர்த்துதலே இதன் பெரும் பயன் என்போம். திடமான தொடக்கத்திற் செய்த பிழை பெரும்பாலும் நெடுநேரம் மறைந்துகிடக்கும். இதிலோ பத்து நகர்த்தலுக்குள் தண்டனை வந்து சேரும். ஒவ்வொரு நகர்த்தலின் விலையையும் ஆடுவோன் கண்ணாரக் காண்கின்றான். கணிப்பொறியின் தீர்ப்பை மட்டும் கேட்டு அமைபவன், கணக்கைச் செய்யாது புத்தகத்தின் கடைசியில் விடையைப் பார்த்தவனை ஒப்பான். அவனிடம் விடையுண்டு, கல்வியில்லை.

எனினும் இதில் ஓர் அபாயமுண்டு. எதிரியின் அறியாமையையே முதலாக வைத்து வாணிகம் செய்யும் பழக்கம் மெல்ல வந்து பற்றும். சிலமுறை வென்றபின், மணலின்மேற் கட்டிய வீட்டைக் கன்மலைமேற் கட்டியதாக எண்ணிவிடுவோம். பிறரை ஏமாற்றுதலினும் தன்னைத் தான் ஏமாற்றுதல் கொடிது. பரீட்சையிலும் பிற்கால வாழ்விலும் அதன் விளைவைக் காண்போம்.

ஆதலின் நம் கருத்து இது: நண்பருடன் ஆடும் மாலைப்பொழுதில் இதனைத் தாராளமாக ஆடுக. கல்லூரியின் சார்பாக ஆடும் பந்தயத்தில் விடுக. ஆண்டுத் தோற்பவன் ஒருவனல்லன், உடன்வந்தோர் அனைவரும் தோற்பர். வருவதையும் போவதையும் எண்ணிச் செய்க என்று தெரிந்துசெயல்வகையில் வள்ளுவர் கூறியது இதற்கும் பொருந்தும். அன்றியும், இவ்வாட்டத்தால் வென்ற அன்றிரவே பலகையைத் திருப்பி வைத்து, நாம் தோற்றிருக்கவேண்டிய நகர்த்தலைத் தேடுக. அதனைக் கண்டபின்னரே உறங்கச் செல்க. அவ்வாறு தேடுவோனுக்குப் பிழைபட்ட ஆட்டமும் நல்லாசிரியனாகும். தேடாதவனுக்குப் பிழையற்ற ஆட்டமும் பயன் தராது.